தமயந்தி எழுதிக் கொடுத்தாள்

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கனடாவிலிருந்து தமயந்தியின் மகள் போன் செய்தாள். "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். அரிசி அப்படியே தண்ணீரில் கிடந்தது. அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

தமயந்தி என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. முப்பதாம் நாளுக்குப் புத்தகம் போடுகிறார்களாம், என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். கனடாவில் அவளை ஓட்டுப் போட்டு நகராட்சிக்கு அனுப்பியவர்களும் படிப்பீர்கள், இங்கே எங்கள் ஊர்த் தலத்தெருக்காரர்களும் படிப்பீர்கள். அதிலும் தலத்தெருக்காரர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த வருஷம் கோடையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு, காலிக் குடத்தோடு நகராட்சி ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். புதுப் பெண்ணான என் இடுப்பிலும் ஒரு குடம். என் மாமனார் பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள், நகராட்சியை மேரி என்றுதான் சொல்வார். "ஏம்மா, மேரிக்குப் போயா மானத்தை வாங்குறது?" என்று சத்தம் போட்டார். "கேக்காம எவன்ப்பா குடுப்பான்?" என்றாள். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. மாமனார்தான் முதல் ஆளாகக் குளித்தார்.

கட்டிக்கொடுத்துக் கனடா போனாள். முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவினாள், பிறகு அங்கேயே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பனியில் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு கூரை இல்லையே என்று கேட்கப்போனவள்தான், கடைசியில் தேர்தலில் நின்றாள்.

முதல் தேர்தலில் அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போனில் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். தட்டில் குங்குமமும் கற்கண்டும் வைத்து, வாசலில் போய் நின்று கூப்பிட வேண்டும். இவள் அதே மாதிரி தட்டோடு ஓட்டுக் கேட்கப் போயிருக்கிறாள். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கை நிறையக் கற்கண்டு அள்ளிக்கொண்டாராம். இரண்டாம் நாளே, ஓட்டுப் போடுகிறவர்களுக்குத் தின்ன எதுவும் கொடுக்கக்கூடாது என்று கூட இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அப்புறம் என்னடி பண்ணுன? கற்கண்டைத் திருப்பிக் கேட்டியா?"

"தின்னதை எப்படி அண்ணி கேக்குறது? ஒவ்வொரு வீடாத் திரும்பப் போயி, இதுக்காக எனக்கு ஓட்டுப் போட்டுடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"சொன்ன பேச்சைத் தட்டாம, ஒருத்தரும் போடலை!"

அடுத்த தடவை ஜெயித்தாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஜெயித்தாள்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, என் மகன் செந்தில் அங்கே படிக்கப் போக ஆசைப்பட்டான். விசா ஒரு தடவை கிடைக்கவில்லை. நான் தமயந்திக்குப் போன் போட்டேன். "உன் கவுன்சிலர் தாளில் ரெண்டு வரி எழுதி முத்திரை வச்சுக் குடு" என்று கேட்டேன்.

"அது ஊர்த் தாள் அண்ணி. அதுல வீட்டு விஷயம் எழுதக்கூடாது. அத்தைன்னு சொல்லி வெறும் தாளில் எழுதித் தரேன்" என்றாள்.

"வெறும் தாளை எவன் மதிப்பான்? உன் அண்ணன் உயிரோட இருந்தா இப்படிச் சொல்லுவியாடி?" என்றேன். அவள் பதில் சொல்லும் முன்னே நான் போனை வைத்துவிட்டேன்.

செந்திலிடம், "உன் அத்தை முடியாதுன்னுட்டா" என்றேன். தெருவிலும் சொன்னேன். பதவி வந்ததும் அண்ணன் பிள்ளையைத் தெரியவில்லை என்று குழாயடியில் நின்று சொன்னேன். கேட்டவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து தபால் வந்தது. சொன்னபடி வெறும் தாளில், இங்கிலீஷில், கையால் எழுதியிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கோபத்தில் அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பிள்ளையிடம் சொல்லவில்லை. அந்தக் கடிதம் இல்லாமலே மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டான், அதுவும் கிடைக்கவில்லை. இப்போது திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறான்.

போன தை மாதம் அவள் ஊருக்கு வந்தாள். காரைக்கால்மேட்டில் ஏலத்துக்கே போய் சங்கரா மீன் வாங்கிவந்து அவளே குழம்பு வைத்தாள். செந்தில் லாட்ஜை விட்டு வரவேயில்லை.

"பிள்ளைக்கு என்மேல கோவமா அண்ணி?"

"வேலைடி."

"நான் எழுதுனது வந்துச்சா?"

"வந்துச்சு. வச்சுத்தான் அனுப்புனோம். ஒண்ணும் நடக்கலை" என்று கூசாமல் சொன்னேன்.

என் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "என் கைராசி அப்படி. அத்தைக்கு எழுதத் தெரியலைன்னு பிள்ளைக்கிட்ட சொல்லுங்க அண்ணி" என்றாள்.

சாவுச் செய்தி வந்த அன்றைக்குப் பீரோவைத் திறந்து அந்தக் கடிதத்தைச் செந்திலிடம் கொடுத்தேன். அவன் படித்துத் தமிழில் சொன்னான். 'இவன் என் அண்ணன் மகன். இவன் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். இவனுக்கு நான் பொறுப்பு. இவன் தப்பு செய்தால் என்னைக் கேளுங்கள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். சொல்லி முடித்தவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தலத்தெருக்காரர்களே, நான் சொன்னது பொய். அவள் எழுதிக் கொடுத்தாள்.

கடிதம் அவனுக்கு எழுதியது, அவனிடமே இருக்கட்டும். எனக்கென்று அவளிடமிருந்து இருப்பது ஒன்றுதான். தை மாதம் அவளிடமே பொய் சொல்லிவிட்டு நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "எனக்காக வருத்தப்படாதீங்க அண்ணி, சாப்பிடுங்க" என்று, தன் இலையிலிருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து என் இலையில் வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன்.