உலகப் படத்தில் ஒரே புள்ளி

பட்டு நெய்கிற வீட்டிலிருந்து நம்மிடம் நூல் கேட்டு வருவார்களா? போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

வந்தவள் பக்கத்து வீட்டு மெர்சி. பிளஸ் டூவில் புவியியல் எடுத்துப் படித்து, இப்போதுதான் முடித்திருக்கிறாள்.

"பட்டு வழுக்குது ஆன்ட்டி. மேப் மேல நிக்க மாட்டேங்குது. தையல் நூல் இருந்தா குடுங்க."

வரைபடத்தில் சாலைகள் வளைந்து வளைந்து போகும். ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. வளைவின் மேலேயே நூலைப் படுக்க வைத்து, பிறகு நிமிர்த்தி அளக்க வேண்டும். பிராக்டிகலில் இதற்கு மார்க் உண்டாம்.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே... இப்ப எதுக்கு?"

"அப்பாவுக்குக் காட்டணும்."

விஷயம் இதுதான். காலேஜிலும் புவியியலே படிக்க அவளுக்கு ஆசை. அவள் பார்த்து வைத்திருக்கும் காலேஜ் சென்னையில். ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பா செல்வராஜ் சம்மதிக்கவில்லை. விண்ணப்பிக்க மறுநாள் கடைசி.

நூல்கண்டோடு நானும் போனேன். பத்திரிகையில் இருந்தவர்களுக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி போகாது.

செல்வராஜ் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. மெர்சி தரையில் அட்லஸை வைத்து, தமிழ்நாடு வரைபடத்தை விரித்தாள். நூலை வாயில் நனைத்து, ஆரணியிலிருந்து சென்னை வரை ஒட்டினாள். பிறகு தூக்கிக் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லை.

"இவ்ளோதாம்பா."

"இங்கயே பி.காம் படி. போயிகினு வந்துகினு இருக்கலாம்."

அவள் விடவில்லை. அட்லஸைத் திருப்பி உலகப் படத்தை எடுத்தாள்.

"இதுல பாருங்கப்பா. ஆரணி, சென்னை... ரெண்டும் ஒரே புள்ளிதான்."

"உங்கம்மா ஊரு? தேசூரு?"

"அதுவும் அதுக்குள்ளதான்."

"அப்ப மாசாமாசம் நான் இன்னாத்துக்கு பஸ்ல நின்னுகினு போறேன்?"

சமையலறையில் அவள் அம்மா சிரிப்பது கேட்டது. மெர்சி சிரிக்கவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை செல்வராஜ் என் வாசலில் நின்றார். கையில் போன்.

"யக்கா, அந்த ஹாஸ்டல் இதுல தெரியுமாமே. கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். முதலில் சென்னை. பிறகு தெரு. பிறகு, வானத்திலிருந்து பார்த்தாற்போல ஒரு மொட்டை மாடி. இரண்டு விரலால் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கினார். கேட் வந்தது. பக்கத்தில் ஒரு மரம் வந்தது.

"காம்பவுண்டு சுவரு ஒசரமா யக்கா?"

"மேலேருந்து எடுத்த படம். அது தெரியாதுங்க."

போகிறவர்கள் உலகப் படத்தைக் காட்டுகிறார்கள். அனுப்புகிறவர்களுக்கோ சுவரின் உயரம் தெரிந்தாக வேண்டும். எந்த அட்லஸில் இருக்கிறது அது?

"என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து அவ சிரிக்கல, பாத்தீங்களா? விடியக்காத்தாலயே அப்ளிகேஷன் போடச் சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இதைப் பாக்கறீங்க?"

"சும்மாத்தான்."

படம் அதற்கு மேல் பெரிதாகவில்லை. அவர் விரல்கள் மட்டும் விடாமல் பிரித்துக்கொண்டிருந்தன.