கொம்பில்லாத வண்டு

என் மனைவிக்குப் பொறாமை வந்தால் முதலில் பாத்திரங்கள்தான் பேசும். அன்று காலை சமையலறையில் ஒரு கச்சேரியே நடந்தது.

காரணம் மாடியில் இருந்தது. என் தம்பி மனைவி, எங்கள் வீட்டுச் சின்னவள், ஒரு புதிய வண்டினத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில் வேலை. சருகுக்குள் வாழும் பொடி வண்டுகளை ஆராய்கிறவர்கள். சின்னவளை அந்த வேலைக்கும் என் தம்பிக்கும் சிபாரிசு செய்ததே என் மனைவிதான். தலை நரைக்கும்வரை காடு மேடெல்லாம் ஏறிச் சருகு சலித்தும், உலகம் அறியாத ஒரு வண்டுகூட அவள் கண்ணில் பட்டதில்லை. சின்னவளோ வாசலைத் தாண்டவில்லை. எங்கள் கொல்லைப்புற மரத்தடியில் ஒரு பை சருகு அள்ளினாள். கடுகில் பாதி அளவில், தலையில் இரண்டு கொம்போடு ஓர் ஆண் வண்டு கிடைத்துவிட்டது.

"வாராவாரம் நான் கூட்டிக் கொளுத்துற சருகுங்க அது! எத்தனை வண்டைப் பொசுக்கினேனோ!"

"போனது போகட்டும், விடு," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சின்னவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம், இவள் விடுப்பு எடுத்துக்கொண்டு சல்லடையோடு மரத்தடியே கதியென்று கிடந்தாள். சலித்த சருகைப் புனலில் போட்டு மேலே பல்பை எரியவிட்டால், சூடு தாங்காமல் பூச்சிகள் கீழே இறங்கி ஸ்பிரிட் குப்பியில் விழும். ஒரு மத்தியானம் அவள் போட்ட சத்தத்தில் நான் பதறியடித்துக்கொண்டு ஓடினேன்.

"கிடைச்சிடுச்சுங்க! கொம்பே இல்ல. இது வேற இனம். எனக்கே எனக்கு!"

அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. வண்டுக்குப் பெயரும் தேர்ந்தெடுத்து, வருணனை எழுதவும் உட்கார்ந்துவிட்டாள். சின்னவளின் கட்டுரைக்கு முன்னால் தன்னுடையது வெளிவந்துவிட வேண்டுமாம்.

ஆணா பெண்ணா என்று எழுதியாக வேண்டும். வண்டை வெந்நீரில் ஊறவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் வயிற்றைப் பிரித்தாள். வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"பொண்ணு," என்றாள். "முதுகுப் புள்ளி, காலு, அடிவயித்துக் கோடு எல்லாம் அச்சு அசல் அவ வண்டுதான். கொம்பு ஆணுக்கு மட்டும்தான் போல. அந்தப் புள்ளியெல்லாம் முதல்லயே என் கண்ணுல பட்டுச்சு. பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

"வேற இனம்னே எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?" மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

"ஒருநாள் ரெண்டும் ஒண்ணுன்னு யாராவது எழுதி, நான் வச்ச பேரை அடிச்சிடுவாங்க. அந்த யாராவது அவளாத்தான் இருப்பா. அதுக்கு நான் செத்தே போகலாம்."

மறுநாள் சின்னவள் வந்ததும் குப்பியோடு மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இந்தா, உன் வண்டுக்குப் பொண்டாட்டி."

சின்னவள் லென்ஸில் பார்த்துவிட்டுத் துள்ளினாள். "அக்கா! பெண் வண்டு இல்லாம கட்டுரை அரைகுறையா நிக்குதேன்னு தவிச்சிட்டிருந்தேன். கொம்பு இல்லையே, நானா இருந்தா வேற இனம்னு நினைச்சிருப்பேன். நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"பார்த்ததுமே தெரிஞ்சுது," என்றாள் என் மனைவி, என் பக்கம் திரும்பாமல்.

"அக்கா கண்ணுன்னா கண்ணுதான்!" என்று சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

படியிறங்கும்போது என் மனைவியின் கண் கலங்கியிருந்தது.

"அவளுக்கு என் மேல ஒரு பொட்டுப் பொறாமைகூட இல்ல, பார்த்தீங்களா? அதைத்தாங்க என்னால தாங்க முடியல."