மோடத்துக்குக் கிழமை தெரியாது

ரிசீவரைக் காதில் வைத்து, ஏதாவது ஓர் எண்ணை ஒருமுறை அழுத்துவார் கெசியா. 'கொர்' என்ற டயல் டோன் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருகிற அமைதியைத்தான் அவர் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் வீட்டாரின் பேச்சை அமர்த்திவிட்டு, பத்து எண்ணும் நேரம். "நல்ல லைன்னா ஒண்ணுமே கேக்கப்படாது டீச்சர். எண்ணெய்ல கடுகு பொரியுத மாதிரி கேட்டுச்சுன்னா மோடம் பாவம், என்ன செய்யும்?"

வயது முப்பத்துநாலு. பாளையங்கோட்டையில் வீடு, கணவர் தானியேல் தபால் ஊழியர். கெசியா முதலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் புகார்களைக் குறித்துக்கொள்ளும் வேலையில்தான் இருந்தார். "எல்லாம் சரியா இருக்கு" என்று மெக்கானிக்குகள் திரும்பி வந்த வீடுகளிலிருந்து மறுநாளே மறுபடியும் புகார் வந்தது. மூன்றாவது முறை ஒரு வீட்டுக்குத் தாமே போனார். அதன்பின் கடைக்குத் திரும்பவில்லை, போன் லைனில் கம்ப்யூட்டரை இணைக்கும் மோடங்களைச் சரிபார்ப்பதே சொந்தத் தொழில். மொபெட்டின் முன்னால் ஓர் ஒயர்க்கூடை. அதற்குள் ஒரு சிவப்பு போன், திருப்புளி, சுருட்டிய கம்பி. ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்தே முன்பல் ஒன்றில் சின்னப் பள்ளம். "வீட்டுக்காரரு கட்டர் வாங்கித் தந்திருக்காரு. அது கூடைக்குள்ள பத்திரமா இருக்கு."

வெறும் ஒயரோடும் பேசுவார். "ஏலே, எங்கன ஒளிஞ்சிருக்க?" என்று சுவரோரமாகக் குனிந்துகொண்டே போவதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பழக்கம்.

மேலப்பாளையத்தில் நான் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். என்னிடம் படித்த சபீதாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவளுடைய வாப்பா முகம்மது சுல்தானுக்குச் சவூதியில் வேலை. போன் மணி அடித்தால் உம்மா பேசுவார். மகள் பக்கத்தில் நின்று உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தொன்பது வயது வரை இப்படியே போயிற்று. இந்த வருடம், தொண்ணூற்றொன்பதில், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் சுல்தான் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவார். இங்கே சபீதா மாடியில் உட்காருவாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி இருவரும் பேசினார்கள்.

நாலு வாரம்தான் நடந்தது. பிறகு ஒவ்வொரு வெள்ளியும் பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்தது. இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் மோடத்தையே மாற்றினார்; இன்னொருவர் லைன் சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அறுவது நிற்கவில்லை.

அதற்குள் சபீதாவுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். கல்யாணம்தான் செய்ய வேண்டும் என்று தாய்மாமா ஒற்றைக்காலில் நின்றார். வாப்பா சரி என்றால் போதும். ஆனால் அவர் சனிக்கிழமை பாலைவனத்துக்குள் ஒரு வேலைத்தளத்துக்குக் கிளம்புகிறார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. உம்மா போனில் கேட்கிறேன் என்றதற்குச் சபீதா ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: 'என் படிப்பை நான்தான் கேட்பேன்.'

நான் கெசியாவுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"மத்தவங்க வந்து பாத்தது என்னைக்கு?"

"ஒருத்தர் சனிக்கிழமை, ஒருத்தர் செவ்வாய்."

"மோடத்துக்குக் கிழமை தெரியாது டீச்சர், வீட்டுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை அந்த வீட்ல என்னமோ நடக்குது. நான் அன்னைக்கே வாரேன்."

வெள்ளி காலை பத்து மணிக்குச் சபீதா வீட்டுக்கு வந்தார்; நானும் போயிருந்தேன். மாடியில் சிவப்பு போனை மாட்டிக் கேட்டார். சுத்தம். சபீதாவின் உம்மா சுபைதா பேகம், ஆள் வருகிறதே என்று அடுப்பையே பற்றவைக்காமல் இருந்தார்.

"எக்கா, நான் வரலைன்னு நெனச்சுக்கிட்டு வழக்கம்போல சமைங்க."

"சோத்துக்கும் போனுக்கும் என்னம்மா இருக்கு?"

"தெரியாது. பாப்போம்."

நெய்ச்சோற்றுக்குப் பெரிய சட்டி ஏறியது. வெள்ளிக்கிழமைதோறும் தாய்மாமா குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் உலை. கெசியா மாடியில் ரிசீவரும் காதுமாக உட்கார்ந்திருந்தார். பதினொன்றே கால் இருக்கும். அவர் கண்ணைத் திறந்தார். "பொரியுது டீச்சர்!" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார். கரகரவென்று ஓர் இரைச்சல், நொடிக்கு நொடி கூடிக்கொண்டே வந்தது.

படியிறங்கி நேராகச் சமையலறைக்குப் போனார். வாசலில் உள்ள டெலிபோன் பெட்டியிலிருந்து மாடிக்குப் போகும் ஒயர், அடுப்புக்கு மேலே பரணை ஒட்டிச் சென்றது. ஸ்டூலில் ஏறி அதைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓர் இடத்தில் நின்றது. யாரோ எப்போதோ முறுக்கி, டேப் சுற்றிய ஒட்டு; டேப் இந்த ஒன்றிரண்டு மாதத்தில்தான் விலகியிருக்க வேண்டும். டேப்பை உரித்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறி, ஆவியில் நனைந்து கிடந்தது.

"தெனமும் சின்னப் பானைதான, ஆவி இவ்வளவு தூரம் ஏறாது. வெள்ளிக்கிழமை உலை மட்டும் எட்டிப் பிடிச்சிருது" என்றார்.

சுபைதா பேகம் தலையில் கைவைத்தார். "யா அல்லா! என் கையாலதான் எம்பிள்ள பேச்சை அறுத்தேனா?"

"ஒட்டுப் போட்டவன் அறுத்தான். நீங்க சோத்தைக் கிண்டுங்க, அடிப்பிடிக்கப் போகுது."

மணி பதினொன்றரை. சுல்தான் அங்கே வந்து உட்காரும் நேரம். சபீதா மாடிப்படியில் நின்று எங்கள் உதடுகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெசியா பழைய ஒயரைத் தொடவில்லை. வாசல் பெட்டியிலிருந்து புதுக் கம்பியை மாடிப்படி வழியாக இழுத்து, இரு முனையையும் பல்லால் உரித்து, பத்தே நிமிடத்தில் முடுக்கிவிட்டார். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. "விழுந்துட்டான்" என்றார், லைன் கிடைத்துவிட்டது என்ற பொருளில்.

சபீதா தட்டத் தொடங்கினாள். கீழே சட்டி கொதித்தது, இணைப்பு அறவில்லை. நீளமாக எழுதி அனுப்பிவிட்டு, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். திரையில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "அறுந்துட்டோ?" என்று நான் கேட்டதற்குக் கெசியா இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு எழுத்துகள் வந்தன. சபீதா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் உரக்க வாசித்தேன்: "போ மகளே. மாமாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

கரண்டியோடு மேலே வந்திருந்த சுபைதா பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் மறுபடி உட்கார்ந்து தட்டுவதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

"இப்ப பேசுதது அவங்களா, இவளா?" என்று மெல்லக் கேட்டார்.

மோடத்தின் நெற்றியில் சிவப்பு விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. கெசியா இரண்டைத் தொட்டுக் காட்டினார். "இது மினுங்கினா உங்க பிள்ள பேசுதா. இது மினுங்கினா அண்ணன் பேசுதாங்க."

சொல்லிவிட்டு, ஒயர் இழுபடாதபடி பைய அந்தப் பெட்டியை எடுத்து, விளக்குகள் சுபைதா பேகத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.