கேமரா பையின் உள்துணி

அனுசுயா அக்கா உயரம் குறைவானவர். கடையில் வாங்கிய கேமரா பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தால், பையின் அடிப்பக்கம் சீட்டில் இடித்து, தோள்பட்டைகள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். நாங்கள் முதலில் பேசிக்கொண்டதே அந்தப் பையைப் பற்றித்தான்.

"ஆம்பளைங்க முதுகுக்குத் தைச்சது தரணி இது," என்றார். "நான் அதத் தூக்கிட்டுப் போறேனா, அது என்னத் தூக்கிட்டுப் போகுதான்னு ரோட்ல பாக்குறவங்களுக்கே சந்தேகம் வந்துரும்."

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் கேட்கும் சாம்பிள்களை அனுப்புவதும் என் பொறுப்பு. சாம்பிள்களைப் படமெடுக்க அக்கா வருவார். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்தவர். முதலில் செக்கிங் டேபிளில் நின்று துணியில் ஓட்டையும் கறையும் தேடினார். பிறகு, கம்பெனிக்குப் படமெடுக்க வந்த ஒருவருக்கு லைட் பிடிக்கப் போனார். அவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, பழைய கேமரா அக்காவின் கைக்கு வந்தது. இப்போது சாதாரண நாட்களில் கம்பெனி வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாணம், சீர், காதுகுத்து.

முதலில் மகளின் பழைய ஸ்கூல் பையில், துண்டில் சுற்றிக் கேமராவைக் கொண்டுபோனார். லென்ஸ் ஒன்று கூடியதும் அது போதவில்லை. கடைப் பை வாங்கினார். மண்டபத்தில் சேலை கட்டிக்கொண்டு அதை மாட்டினால் முந்தானை இழுபட்டது. திறக்க வேண்டுமென்றால் தரையில் மல்லாத்த வேண்டும். பந்திக்கு ஓடும் கூட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. பனியன் கம்பெனித் தரையிலோ எந்நேரமும் பஞ்சு.

"இடுப்புல நிக்கணும், மேல தெறக்கணும். பாக்காம கைய விட்டா லென்சு கையில வரணும். அம்புட்டுத்தான் கேக்குறேன். கோயமுத்தூர் வரைக்கும் தேடிட்டேன், கெடைக்கல," என்றார்.

தைத்துத் தருவதாகச் சொன்னவர் அவருடைய கணவர் காசிமாயன். இளவயதில் டெய்லராக இருந்தவர். பிறகு ரைசிங் மில்லுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பனியன் துணியின் ஒரு பக்கத்தைக் கம்பிப் பற்களால் கீறிக் கீறி, முயல் முடிபோல் மெத்தென்று ஆக்குகிற மிஷின்கள் ஓடும் இடம் அது. குளிர் நாடுகளுக்குப் போகும் எங்கள் ஃபிளீஸ் துணியெல்லாம் அந்த மில்லுக்குத்தான் போகும். துணிமேல் புறங்கையை வைத்தே மிஷினில் இன்னொரு ஓட்டு ஓட்ட வேண்டுமா இல்லையா என்று காசிமாயன் சொல்லிவிடுவார். அங்கே காற்றில் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். மதியம் சாப்பிட வெளியே வரும் ஆட்களுக்குப் புருவம் வெளுத்திருக்கும்.

அவருக்கு இரண்டு வருடமாக இருமல். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். நெஞ்சில் பஞ்சு சேர்ந்துவிட்டது, இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன மூச்சு திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னாராம்.

"நானும் கெஞ்சிப் பாத்துட்டேன்," என்று அக்கா ஒருநாள் சொன்னார். "வாட்ச்மேன் வேலைக்கு என்னயக் குச்சியோட உக்காரச் சொல்றியாங்கிறாரு. அந்த மிசினுக்கு அவரு கைதானாம். வேற யாரு ஓட்டுனாலும் துணி சொரசொரன்னு வருமாம். எனக்குப் பயமா இருக்கு தரணி."

அன்று மில்லில் இருந்த துணியும் எங்களுடையதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பை தயாரானது. வெளியே கெட்டியான கான்வாஸ், நடுவில் ஃபோம், உள்ளே ஃபிளீஸ். நிறம் ஒத்துவராமல் கழித்துப் போட்ட துணி அது, வெளிறிய ஆரஞ்சு. அவரே ரைசிங் ஓட்டியது. இங்கே தொட்டில் விரிப்பிலிருந்து வண்டி துடைப்பது வரை எல்லாமே பனியன் வேஸ்ட்தான். மெத்தென்று ஒன்று வேண்டுமென்றால் வேறு துணி யாருக்கும் ஞாபகம் வராது. பை அக்காவின் இடுப்பில் சரியாக நின்றது. முந்தானை இழுபடவில்லை. நானும் உள்ளே கைவிட்டுப் பார்த்து, நல்லாருக்குங்கக்கா என்றுதான் சொன்னேன்.

சில வாரம் கழித்து ஒரு பையரிடமிருந்து மெயில் வந்தது. வெள்ளை டி-ஷர்ட் படத்தில், நெஞ்சுக்கு மேலே ஒரு நார் தெரிகிறது, துணியில் வேறு பஞ்சு கலந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பயப்படாத கம்பெனி திருப்பூரில் இல்லை. மேனேஜர் தீனதயாளன் சாம்பிளைக் கொண்டுவரச் சொன்னார். செக்கிங் ஆட்கள் டியூப்லைட்டுக்கு அடியில் விரித்து, திருப்பி, இழுத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமே இல்லீங்க சார்."

"நல்லாப் பாருங்க. அங்க இருக்கறவனுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலீங்களா?"

"அவிங்களுக்குக் கண்ணு நல்லாருக்குமுங்க. கறி தின்னு வளர்ந்த ஒடம்பு," என்றது ஒரு குரல். தீனதயாளன் சிரிக்கவில்லை.

அடுத்த சாம்பிளின் படத்தைத் திறந்தேன். அதே இடத்தில் அதே நார். குழந்தைச் சட்டையிலும் இருந்தது. துணியே இல்லாத வெள்ளைப் பின்னணியிலும் இருந்தது.

"துணி சுத்தமுங்க தரணி," என்றார் தீனதயாளன், மூச்சை விட்டபடி. "படத்துலதான் கோளாறு. அந்தப் பொண்ணக் கூப்புடுங்க."

அக்கா வந்து திரையைப் பார்த்தார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். புழு மாதிரி வளைந்த ஒரு நிழல். "கேமராவுக்கு உள்ள இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

கோயமுத்தூரில் சர்வீஸ் செய்பவர் கேமராவைத் திறந்து, உள்ளே படம் பதியும் சென்சாரைத் துடைத்து, துடைத்த குச்சியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் காட்டினாராம். வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் ஒரு இழை. இந்தப் பையில் இனிமேல் வைக்காதீர்கள் என்றாராம்.

அன்று வீட்டில் நடந்ததை அக்கா பின்னால் எனக்குச் சொன்னார். காசிமாயனுக்கு முதலில் சிரிப்பு.

"ஏண்டி, இந்த ஊரே பஞ்சு. என் பைதான் கெடைச்சுச்சாக்கும் பழி போட?"

"கலரப் பாரு மாமா."

அக்கா போனில் பிடித்துவந்திருந்த இழையின் படத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். "கேமராவ மூடித்தான வச்சிருக்க?"

"லென்சு மாத்துறப்ப தெறக்கும்ல. அதுவும் வெரசா மாத்திருவேன்."

"அதுக்குள்ளயா போயிருச்சு?"

"அதுக்குள்ளதான். நீ பொழுதன்னைக்கும் மூக்கத் தெறந்து வச்சுக்கிட்டு நிக்குற."

சண்டைக்கு வருவார் என்று அக்கா நினைத்தாராம். அவர் எழுந்து போய் பிளேடை எடுத்துவந்து, வாசலில் உட்கார்ந்து, உள்துணியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்கும்போது நடுவில் இருமல் வந்தது. நின்றதும் மறுபடி பிரித்தார்.

குடைத்துணி மாதிரி வழுவழுப்பாக, பிசிறில்லாத துணி தேவைப்பட்டது. அனுப்பர்பாளையத்தில் சீட் கவர் தைக்கும் கருப்புசாமியின் கடைக்குக் காசிமாயன் பையைக் கொண்டுபோனார். கருப்புசாமி துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது யாருங்க தைச்சது?"

"நாந்தேன்."

"மூலை மடிப்பு இப்புடி ஒரு ஆளு அடிச்சுப் பாத்து வெகு நாளாச்சுங்க. நம்ம கடைக்கு வர்றீங்களா? இங்க ரெக்சின்தானுங்க, பஞ்சுத் தொந்தரவே இல்லீங்க."

இதையும் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். தான் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. மறுநாளும் வழக்கம்போல மில்லுக்குத்தான் போனார். அதற்கடுத்த நாளும். அக்கா கேட்கவில்லை. கேட்டால் வீம்புக்காவது மாட்டேன் என்றுவிடுவார் என்ற பயம். கம்பெனியில் படமெடுக்கும்போது போன் அடித்தால், பாதியில் கேமராவை வைத்துவிட்டு ஓடிப்போய் எடுப்பார்.

அந்த வாரம் எங்கள் ஃபிளீஸ் துணி லாட் ஒன்று ரைசிங் முடியாமல் மில்லில் நின்றுகொண்டிருந்தது. அவசரப்படுத்த என்னை அனுப்பினார்கள். அக்காவையும் காசிமாயன் மதியம் வரச் சொல்லியிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை. அக்காவின் ஸ்கூட்டரிலேயே போனேன்.

கேட்டில் நின்றிருந்தார் காசிமாயன். அக்கா இறங்கப் போனதும் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீ உள்ள வராத. கேமரா இருக்கு."

நானும் அவரும் உள்ளே போனோம். மிஷின் சத்தத்தில் முதலாளி சுப்பண்ணனின் மேஜைக்கு அருகில் போனால்தான் பேச்சுக் கேட்டது. என்னைப் பார்த்ததும் சுப்பண்ணனுக்கு ஒரு தைரியம் வந்தது.

"பாருப்பா காசி, வேலைய விடறேங்கற. கம்பெனியிலிருந்தே ஆள் வந்தாச்சு. இந்த லாட்டு ஒண்ண மட்டும் ஓட்டிக் குடுத்துட்டுப் போயிரு. உன்ற கை இல்லாம இது ஆகாது. நான் வேற ஆள் பாத்துக்கறேன், ஒரே வாரம்."

காசிமாயன் என்னைப் பார்த்தார். எங்கள் துணி பக்கத்தில் அடுக்கியிருந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் குனிந்து, மேலே கிடந்த துணியில் புறங்கையை வைத்தார். கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு ஓட்டு வேணும்ண்ணே இதுக்கு," என்றார். "கம்பிப் பல்ல ரொம்ப இறக்க வேணாம்னு ஓட்டுறவன்கிட்ட சொல்லிருங்க."

"அப்ப நீ?"

"இது முடிஞ்சா அடுத்த லாட்டு வரும்ண்ணே. ரெண்டு வருசமா அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

சுப்பண்ணன் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி சாமி. போயிட்டு வா," என்றார், மெதுவாக.

ஆணியில் தொங்கிய சட்டையையும் சாப்பாட்டுத் தூக்குப்போசியையும் எடுத்துக்கொண்டு காசிமாயன் வெளியே வந்தார். அக்கா இரண்டடி முன்னால் வந்தார்.

"அங்கனயே நில்லு," என்றார் அவர்.

தலையைக் குனிந்து முடியைத் தட்டினார். தோள், கைகள், வேட்டி மடிப்பு. வெயிலில் பஞ்சு எழுந்து மிதந்தது. பிறகு இருமல் பிடித்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இருமினார். முன்பைவிடக் குறைவு என்றெல்லாம் சொல்ல முடியாது, அதே இருமல்தான். அக்கா பையின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றார். காசிமாயனுக்கு மூச்சு திரும்பும்வரை வண்டியைக் கிளப்பவில்லை.