அண்ணனுக்கு வைத்த முதல் கவளம்

சேதி வந்தபோது நான் ராசிபுரத்தில் என் ஜவுளிக் கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தேன். நாமகிரிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்று, நாச்சிமுத்துக் கவுண்டர் விடியக்காலையில் தவறிவிட்டார் என்று சொன்னார். நான் சரி என்றேன். பெண்ணின் தாயார் மாம்பழ நிறத்தில் அகலக் கரை கேட்டிருந்தார்கள். அதை எடுத்துக் காட்டினேன், விலை பேசினேன், மடித்துக் கட்டிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு கடையைப் பூட்டினேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தெருவில் நின்றேன்.

இதை எழுதுகிற இன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே மரத்துக் கிடக்கிறது. ரங்கூனில் ஒரே கடையில் ஒரே பாயில் அவருடன் படுத்து எழுந்தவன் நான் என்பதால், அவரைப் பற்றி எழுது என்று நண்பர்கள் சொன்னார்கள். எழுதுகிறேன். அழகாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாச்சிமுத்து அவர்கள் நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே காடு தோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். மழை தொடர்ந்து ஏமாற்றிக் கிணறு அடி தெரிந்த காலத்தில், அவரும் அவருடைய அண்ணன் பழனியப்பன் அவர்களும் ராசிபுரத்துத் தறிச் சேலைகளையும் கைலிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள். ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் அண்ணனின் மனைவி அங்கம்மாள். அவருக்குப் பிள்ளை இல்லை. நாச்சிமுத்து அவர்களின் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டதால், அந்தக் குழந்தையையும் அங்கம்மாளே வளர்த்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவார்கள். நாச்சிமுத்து அவர்கள் அந்த ஒரு சொல்லில் தாயையும் சேர்த்தே கூப்பிடுவதாக எனக்குத் தோன்றும்.

நான் அவர்கள் இருந்த துணிக் கடைக்குக் கணக்கு எழுதப் போனபோது அண்ணன் தம்பி இருவரும் ரங்கூனில் நன்றாக வேரூன்றியிருந்தார்கள். எங்களுக்குச் சாப்பாடு தமிழ் மெஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாச்சிமுத்து அவர்கள் தலை வாரிச் சட்டை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று கடையில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அண்ணனுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஒரு ஞாயிறு, நாங்களும் வருகிறோம் என்று அண்ணனும் நானும் பிடிவாதமாகக் கூடவே நடந்தோம். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது டோ சேன் என்ற கிழவியின் சோற்றுக் கடையில். அண்ணன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

பர்மாக்காரர்களின் சோற்றுக் கடையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வாசலிலேயே குண்டான்கள் வரிசையாக இருக்கும். மூடியைத் திறந்து பார்த்து நமக்கு வேண்டிய குழம்பு ஒன்றைச் சொன்னால் போதும். தாழ்வான வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் சோறு, புளிச்சக்கீரைச் சாறு, பச்சைக் கத்தரிப்பிஞ்சு, வெள்ளரித் துண்டு எல்லாம் கேட்காமலே வந்து இறங்கும். தீரத் தீர நிரப்புவார்கள். நடுவில் ஒரு கிண்ணத்தில் ஙப்பி என்ற மீன் விழுது இருக்கும். அதன் வாசம் முதலில் மூக்கில் ஏறியபோது நான் எழுந்து ஓடியிருப்பேன். புளிச்சக்கீரைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. கடல் தாண்டிப் போய் நம் ஊர்க் கீரையைப் பார்த்தால் விட்டுப் போக மனம் வருமா?

கிழவி எங்கள் மூவரையும் பார்த்து யார் மூத்தவர் என்று கேட்டார். நாச்சிமுத்து அவர்கள் அண்ணனைக் காட்டினார். உடனே முதல் கரண்டிக் குழம்பு அண்ணன் தட்டுக்கு வந்தது. பழனியப்பன் அவர்கள் துள்ளி எழுந்தார். கூட்டி வந்த விருந்தாளி நான் இருக்க, தனக்கு முதலில் போடுவதா? கவுண்டர் வீட்டில் நடக்கிற காரியமா அது? கரண்டியை என் பக்கம் தள்ளினார். கிழவி திரும்ப அவர் பக்கம் இழுத்தார். எண்ணெய் மிதந்த குழம்பு என் வேட்டியில் சொட்டியது. தம்பி சிரித்துச் சிரித்து இருமினார். கடைசியில் கிழவிதான் ஜெயித்தார்.

பிறகு கிழவி சொன்னதை நாச்சிமுத்து அவர்கள் பர்மியப் பேச்சிலிருந்து எங்களுக்குச் சொன்னார். மூத்தவருக்கு வைக்காமல் இளையவர் வாயில் சோறு போகக் கூடாது. மூத்தவர் பக்கத்தில் இல்லையா, அவருக்கென்று ஒரு கவளம் முதலில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். கடைசியில் அதை நாமே எடுத்துச் சாப்பிடலாம், தவறில்லை. அண்ணன் இதைக் கேட்டு, நல்ல பழக்கந்தான் என்று தலையாட்டினார். சாப்பாடு முடிந்ததும் கிழவி கொடுத்த வெல்லத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இனி தம்பி ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாலும் கேட்கப் போவதில்லை என்றார்.

அடுத்த மாதம் அண்ணன் வசூலுக்குப் பெகு என்ற ஊருக்குப் போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும் டோ சேன் கடைக்குப் போனோம். நாச்சிமுத்து அவர்கள் முதல் கவளத்தை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். எனக்குப் பழக்க தோஷம், காக்காய்க்கா என்று கேட்டுவிட்டேன். நம் ஊரில் அப்படிச் சோறு ஒதுக்கினால் அது செத்துப்போனவர்களுக்குத்தானே? அவர் முகம் சட்டென்று மாறியது.

"அப்புடிச் சொல்லாதீங்க. இது எங்கண்ணனுக்குங்க. அவரு பெகுவுல சொகமா உக்காந்து பீடி குடிச்சிட்டு இருக்கறாரு."

பிறகு நான் ஊர் திரும்பிக் கடை வைத்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனில் இருந்த நம்மவர்கள் என்ன ஆனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் மலை வழியாக நடந்தார்கள். நாச்சிமுத்து அவர்கள் தனியாக ஊர் வந்து சேர்ந்தபோது அவர் பெற்ற மகனுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை.

நடந்ததை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மலையில் ஒரு குடிசையில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு எழ முடியாமல் போயிற்று. கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. தம்பி கிளம்ப மறுத்தார். அண்ணன் அதட்டினார். இருவரும் இங்கேயே கிடந்தால் வீட்டுக்குச் சேதி சொல்ல ஆள் இல்லை, நீ முன்னால் போய் யாரையாவது அனுப்பு என்றார். தம்பி அடுத்த முகாமுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு ஆள் கேட்டார். அங்கே யாரும் காது கொடுக்கவில்லை. திரும்பிப் போகப் பார்த்தவரையும் விடவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் மழை எப்போது வரும் என்று என்னைக் கேட்டார்.

தான் கிளம்பும்போது அண்ணன் உயிரோடுதான் இருந்தார், கண் திறந்துதான் பேசினார் என்று வந்த அன்றே வீட்டில் சொல்லியிருக்கிறார். அங்கம்மாள் அவருக்கு நெல்லுச் சோறு ஆக்கிப் போட்டார். அவர் முதல் கவளத்தை எடுத்து வட்டிலின் ஓரத்தில் வைத்தார். அங்கம்மாள் அதைப் பார்த்தார். புறக்கடைக்குப் போய்விட்டார். மறுநாளும் கவளம். அதற்கு மறுநாளும். துக்கமும் சுகமும் விசாரிக்க வந்த பங்காளிகளும் அதைப் பார்த்தார்கள். வாய் சொல்லாததைக் கை சொல்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பழனியப்பன் போய்விட்டார், தம்பி மறைக்கிறார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. செத்தவருக்குக் காரியம் செய்யாமல் இருந்தால் பங்காளிகள் எல்லோருக்கும் தீட்டு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க முடியாது. ஆகவே காரியத்துக்கு நாள் குறிப்பது, அங்கம்மாளின் தாலியை வாங்குவது என்று பேச்சு நடந்தது.

அன்றுதான் நாச்சிமுத்து அவர்கள் வெயிலில் நடந்தே என் கடைக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நாஞ் சொன்னா கதை கட்டறேங்கறாங்க. நீங்க அந்தக் கடையில சோறு தின்ன ஆளு. வந்து சொல்லுங்க. எங்கண்ணன் இருக்கறப்பவே நங்கையாளுக்கு வெள்ளைச் சேலை கட்டிப் போடுவாங்களாட்ட இருக்குது."

போனேன். கோயில் வாசலில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். டோ சேன் கடை, கரண்டி இழுபறி, கிழவி சொன்னது, பெகு, பீடி எல்லாவற்றையும் சொன்னேன். பர்மாக்காரி சோற்றுக் கடைப் பழக்கம் நமக்கு எதற்கு என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாச்சிமுத்து கடைசியில் அந்தக் கவளத்தைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறாரா இல்லையா என்று திருப்பிக் கேட்டேன். சாப்பிடுகிறார் என்றார்கள்.

"செத்தவங்களுக்கு வெச்ச சோத்தை எவனாச்சும் திருப்பி எடுத்துத் திம்பானுங்களா?"

கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பழக்கம் உண்மை என்றுதான் சத்தியம் செய்தேன். பழனியப்பன் அவர்கள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு எவன் சத்தியம் செய்ய முடியும்? சேதி வரட்டும், பார்க்கலாம் என்று எழுந்து போனார்கள். சேதி வரவே இல்லை.

அதற்குப் பிறகு நாச்சிமுத்து அவர்கள் துணி மூட்டையைத் தொடவில்லை. தோட்டமே கதி என்று இருந்தார். கிணற்றை ஆழப்படுத்தினார், மகனுக்கு ஏர் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்துச் சொல்வதில் பேர் எடுத்தார். பர்மாவிலிருந்து நடந்து வந்த ஒருவர் சேலத்தில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கிடைத்தது சோறு இல்லை, கௌசுவே என்கிற வழவழப்பான மாவு இழை. அதில் எப்படிக் கவளம் பிடிப்பது? அவர் எடுத்து ஓரத்தில் வைக்க வைக்க அது வழுக்கி வழுக்கித் தட்டின் நடுவுக்கே வந்தது. எங்கள் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார். பர்மாவிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எல்லோருடைய வீட்டு வாசலிலும் அவர் கேட்கிற முதல் கேள்வி சாப்பிட்டாச்சா என்பதுதான். யார் திருப்பிக் கேட்டாலும், நங்கையா போட்டாங்க, சாப்பிட்டேன் என்பார். அவர் உட்கார்ந்து சாப்பிடும்போது அங்கம்மாள் எதிரில் நிற்பார். கழுத்தில் தாலி இருக்கும், கொழுந்தனார் கவளம் வைத்து முடிக்கும் வரைக்கும் அவர் நகர மாட்டார். இத்தனை வருஷமும் அதை நம்பிக்கை என்றே நான் நினைத்திருந்தேன்.

இழவு வீட்டுக்கு நான் போனபோது அங்கம்மாள் அழவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, காரியத்தன்றைக்கு வரும்போது கடையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வரச் சொன்னார். உறவில் யாராவது கிழவிக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துப் போய்க் கொடுக்கும்போது யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தானுங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சேதி ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"சேதி என்னத்துக்குங்க? அவரு இல்லீங்கறது கொழுந்தனாரு தனியா ஊட்டுக்குள்ள காலு வெச்ச அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க. நான் இந்தத் தாலியைக் கழட்டியிருந்தா அந்தக் கவளத்தைக் கொழுந்தனாரு எப்புடி வெப்பாரு? வெக்காம ஒரு வாய் சோறு திங்க மாட்டாருங்களே."

சேலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

அங்கம்மாள் வெள்ளைச் சேலையில் வெளியே வந்தார். படையலுக்கு ஒரு இலை போட்டிருந்த இடத்தில் அவரே இன்னொரு இலையைப் போட்டார். மகன் சோற்றை அள்ளித் தகப்பனாரின் இலைக்குக் கொண்டுபோனார். அங்கம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பெரியப்பாவுக்கு மொதல்ல, சாமி."

நாச்சிமுத்து, நான் அங்கே நின்று பார்த்தேன். உங்கள் மகன் தன் கையாலேயே வைத்தார். உங்கள் அண்ணனுக்கு வைத்த பிறகுதான் உங்களுக்கு வைத்தோம். இனி நீங்கள் சாப்பிடலாம்.