உப்பு ஒட்டாத ரீல்

கிள்ளானில், தூண்டில் கடைக்காரர் என் கணவரிடம் புதிய ரீலைக் காட்டினார். "கடல்ல போட்டாலும் உப்பு ஒட்டாது பாஸ். கழுவவே வேணாம் லா."

காப்பாரில் நான் வளர்ந்த வீட்டின் குழாயடி நினைவுக்கு வந்தது. கடலில் மீன்பிடித்துத் திரும்பும் அப்பாவின் ரீலை அம்மாதான் நல்ல தண்ணீரில் கழுவுவார். அதற்கு முன் அதை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒரு ஞாயிறு மாலை அதில் உப்பு கரிக்கவில்லை.

"மீனு நல்லாத்தான் இருக்கு. எந்த பாசார்ல புடிச்சீங்க?" என்று சந்தையைச் சொல்லிக் கேட்டார் அம்மா.

அன்று அப்பா எங்கே போயிருந்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சந்தேகம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இருந்தும், கணவர் பணப்பையை எடுத்ததும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன்: "அண்ணே, உப்பு ஒட்டுற ரீல் இருக்கா?"