குடிலில் பாசி இல்லாத வருஷம்

மணிக்குட்டி, நீ போய்விட்டாய் என்று உன் தம்பி போனில் சொன்னபோது அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நம் கோயில் அன்பியக் குழுவின் பெண்களுக்கெல்லாம் ஜெபமணியைத் தெரியும்; எனக்கு மட்டும் அவள் மணிக்குட்டி. காய்ச்சல் என்று திண்டுக்கல் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். எனக்கு எழுத அதிகம் வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

“பொம்பளைங்கள்ல ரெண்டு வகைதான்டீ” என்பாள். “நீர்நாய், பாசி. ரெண்டுக்கும் ஓடை வேணும். ஓடை வத்துனா நீர்நாய் வேற இடம் பார்த்துப் போயிரும். பாசி கல்லைக் கட்டிக்கிட்டுக் கருகிக் கெடக்கும், ஒரு மழைக்குப் பச்சையாயிரும். நீ பாசி.” எனக்குக் கோபம் வரும். அவள் சிரிப்பாள்.

ஒரு கிறிஸ்மஸுக்கு, கோயில் குடிலில் வைக்கப் பாசி எடுக்க, அடுக்கம் ஊருக்கு மேலே, மலை ஓடையைத் தாண்டிப் போனோம். என் மகன் அப்போது கைக்குழந்தை; மாமியாரிடம் விட்டிருந்தேன். உரித்துச் சாக்கில் திணித்து முடிப்பதற்குள் மேலே மழை பிடித்துவிட்டது. திரும்பினால் ஓடை செந்தண்ணீராக ஓடுகிறது.

“வடியட்டும், இங்கயே இருப்போம் மணி.”

“இன்னும் ஏறும்டீ. பிள்ளை பாலுக்குக் கத்துவான். வெரசா வா.”

பச்சையாக மெத்தென்று தெரிந்த கல்லில் கால் வைக்கப் போனேன். முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“மெத்தைன்னு நெனச்சியா? வழுக்குனா உன்னைய மலைக்குக் கீழ பெரியகுளத்துலதான் போய் எடுக்கணும். அந்தா, நண்டு ஓடு கெடக்குற கல்லு. நண்டு திங்க நீர்நாய் ஏறி ஏறிப் பாசி தேஞ்சிருக்கு. அதுல வை.”

அவள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரு கையால் கரை மரத்தின் வேரையும் மறுகையால் என் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கல் தண்ணீருக்குள் போயிருந்தது. என் கால் நகரவில்லை. நெஞ்சில் பால் கட்டி வலித்தது.

“பாசி, இன்னைக்கு ஒரு நாளைக்கு நீர்நாயா இருடீ!”

தாவினேன். என் கையிலிருந்த பாசிச் சாக்கு தண்ணீரோடு போனது.

“போகட்டும். ஏசுவுக்கு வைக்கோல் போதும்” என்றபடி கரையேறினாள். அந்த வருஷம் குடிலில் வைக்கோல்தான். நீச்சல் தெரியாதவள் அவள் என்று அவள் அம்மா சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரரின் ஆபரேஷன் அன்று கையெழுத்துப் போடப் பயந்து நின்றபோதும், நேற்று உன் குழியில் மண் போட்டபோதும், ‘இன்னைக்கு ஒரு நாளைக்கு நீர்நாயா இருடீ’ என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.

கரையில் என் கையைப் பிடித்தாயே, மணிக்குட்டி, உன் கை அப்படி நடுங்கியது. “குளிருடீ” என்றாய். குளிர் மட்டும்தானா?